லாரி நிக்குது தம்பி, டாப்ல என்னா இருக்குன்னு பாரு

மத்தியானம் ரெண்டு நாப்பத்தேழுக்கு போன் அடிக்குது, எடுத்தா ரேம்ப்ல கணக்கு எழுதுற கிராணி அக்கா. "தம்பி, மறுபடியும் நின்னுபோச்சு, பதினோரு லாரி நிக்குது, வரிசை சடக்கு வரைக்கும் வந்திருச்சு, நான் டிக்கெட்ட கையால எழுதிக்கிட்டு இருக்கேன்"னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சாங்க. மூணு நாளா இதே நேரத்துக்கு இதே போன்.

மலேசியாவுல ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்குறவங்களுக்கு ரேம்ப்னா என்னான்னு சொல்ல வேணாம், மத்தவங்களுக்கு சொல்றேன். அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய் எடுக்குற பனை) வெச்சிருக்கவங்க பழத்த நேரா ஆலைக்கு கொண்டு போக மாட்டாங்க, ரேம்ப்புக்கு கொண்டாந்து எடை போட்டு வித்துட்டு போவாங்க. லாரி பழத்தோட ஒரு தடவ எடைமேடையில ஏறணும், கொட்டிட்டு வெறும் லாரியா இன்னொரு தடவ ஏறணும், ரெண்டையும் கழிச்சாத்தான் பழத்தோட எடை. ஆக ஒரு லாரிக்கு ரெண்டு தடவ கம்ப்யூட்டர் பதில் சொல்லியாகணும். காலைல அறுத்த பழம் மத்தியானத்துக்கு மேலதான் வந்து குவியும், அறுத்து நேரமாக ஆக பழத்துல ஆசிட் ஏறும், அடிபட்ட பழம்னா இன்னும் சீக்கிரமா ஏறும், அதுனால அந்த ரெண்டு மூணு மணி நேரம் எல்லாருக்கும் காசு சம்பந்தப்பட்ட நேரம்.

அங்க மேசைக்கு அடியில இருக்குறது பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். ஐ5, நாலு கோர், நாலு ஜிபி ரேம், சுத்துற ஹார்ட்டிஸ்க் 500 ஜிபி, மேல உபுண்டு சர்வர்ங்கிற லினக்ஸ். உள்ள ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எடைய வாங்கி எழுதுற ஒரு பைத்தான் ப்ரோக்ராம், லாரி நம்பர் ப்ளேட்ட போட்டோ புடிச்சு வெக்கிற இன்னொரு ப்ரோக்ராம். எல்லாத்தையும் போட்டுக் குடுத்தது நான்தான், அதுனால லாரி நின்னா எனக்குத்தான் போன் வரும், அது நியாயந்தான்.

அன்னிக்கி நான் தெலுக் இந்தான்ல கடைல இருந்தேன். நல்ல மழை, ரேம்ப்ல இன்டர்நெட் லைன் போயிருச்சு, இங்கேருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ள நொழைய முடியல. அக்காவையே கண்ணா வெச்சுக்கிட்டு போன்லயே பாத்துறலாம்னு ஆரம்பிச்சேன். (இந்த பதிவுல கமாண்ட் எல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், நான் அக்காவுக்கு சொன்னது இப்படித்தான், நீங்க அடிக்கிறப்போ இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.) மொதல்ல டாப், கம்ப்யூட்டர்ல என்னென்ன ஓடுது, எது எவ்ளோ இழுக்குதுன்னு காட்டுற கமாண்ட்.

"அக்கா, டி, ஓ, பி அடிச்சு எண்டர் தட்டுங்க. மேல அஞ்சு வரி வரும், மொத வரிய படிங்க."

"டாப்னு போட்டிருக்கு, ஆறு நாப்பத்தேழு பன்னெண்டு, அப்புறம் அப் நாப்பத்தொரு டேஸ்..."

"அது வேணாக்கா, கடைசில லோட் ஆவரேஜ்னு மூணு நம்பர் இருக்கும், அத படிங்க."

"ஏழு புள்ளி எட்டு ரெண்டு, அஞ்சு புள்ளி நாலு சைபர், ரெண்டு புள்ளி ஆறு ஒன்னு."

அந்த "அது வேணாக்கா"வ ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி அதுக்கு வரேன்.

லோட் ஆவரேஜ்ங்கிற மூணு நம்பரும் போன ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம், பதினஞ்சு நிமிஷத்துக்கானது. எத்தன வேலை ஓடிக்கிட்டு இருக்கு, எத்தன வேலை ஓடுறதுக்கு காத்துக்கிட்டு இருக்கு, ரெண்டையும் சேத்த கணக்கு. எடைமேடையில ஏறி நிக்கிற லாரியையும் பின்னாடி வரிசையில நிக்கிற லாரியையும் சேத்து எண்ணுனா எப்படியோ அப்படி. ஒரே மேடை இருக்குற எடத்துல நாலுன்னா மூணு லாரி சும்மா நிக்கிதுன்னு அர்த்தம், நாலு மேடை இருந்தா எல்லாரும் ஏறியாச்சு, ஒருத்தரும் நிக்கல. அதுனால இந்த நம்பர தனியா பாக்கக் கூடாது, கம்ப்யூட்டர்ல எத்தன கோர், அதாவது வேலை ஏறுற மேடை, இருக்குன்னு தெரிஞ்சு பாக்கணும், "என்ப்ராக்"னு அடிச்சா எத்தனன்னு சொல்லிரும். நமக்கு நாலு. ஒரு நிமிஷத்துல ஏழு புள்ளி எட்டு, பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு புள்ளி ஆறுன்னா, இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு. அதுவே மொத நம்பர் சின்னதா கடைசி நம்பர் பெருசா இருந்தா, புயல் ஓஞ்சுபோச்சு, நீங்க லேட்டா வந்திருக்கீங்கன்னு அர்த்தம்.

அப்போ எனக்கு இதுல பாதிதான் தெரியும். ஏழுன்ன உடனே கம்ப்யூட்டர் திணறுதுன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்து மெமரி வரிய படிக்கச் சொன்னேன். டோட்டல் 3800, ஃப்ரீ 120. நாலு ஜிபில 120 எம்பிதான் மிச்சம்னா ரேம் பத்தலன்னு யாருக்குமே தோணும், எனக்கும் தோணுச்சு. மறுநாள் கடையிலயே கெடந்த பழைய டிடிஆர்3 நாலு ஜிபி குச்சிய எழுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) பில் போட்டு, சாயங்காலம் மோட்டார்ல கொண்டு போய் மாட்டிட்டு வந்தேன். மொதலாளி ஒன்னும் சொல்லாம காச குடுத்தாரு.

அடுத்த நாள் ரெண்டரைக்கு லாரி மறுபடியும் நின்னுச்சு. போன்ல ஃப்ரீ எவ்ளோன்னு கேட்டா 160. எட்டு ஜிபி போட்டும் 160. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, நான் பாக்கவேண்டியத பாக்கல, தப்பான கட்டத்த பாத்துக்கிட்டு இருக்கேன்னு.

இந்த விஷயத்த கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா எங்க கடைக்கு வர்ற ஆளுங்கள்ல நெறைய பேரு இதே கட்டத்த பாத்துட்டுத்தான் ரேம் வாங்க வர்றாங்க. "ஃப்ரீ ஹைபன் எம்"னு அடிச்சா மெகாபைட் கணக்குல ஒரு சின்ன அட்டவணை வரும். டோட்டல், யூஸ்ட், ஃப்ரீ, ஷேர்ட், பஃப் ஸ்லாஷ் கேஷ், அவைலபிள். இதுல ஃப்ரீங்கிறது யாருமே தொடாம சும்மா கெடக்குற ரேம், அது கம்மியா இருக்குறது சீக்கு இல்ல. லினக்ஸ் டிஸ்க்லேருந்து ஒரு ஃபைல படிச்சா, அத மறுபடி கேப்பாங்கன்னு ரேம்லயே வெச்சிருக்கும், அதுதான் அந்த பஃப் ஸ்லாஷ் கேஷ். நம்ம கிராணி அக்கா மேசைய பாத்தா புரியும். பீரோவுலேருந்து எடுத்த லெட்ஜர் புக்க எல்லாம் உடனே உள்ள வெக்க மாட்டாங்க, மேசை மேலயே விரிச்சு வெச்சிருப்பாங்க, அடுத்த லாரிக்காரன் வந்து பழைய கணக்கு கேட்டா எழுந்து போவ வேணாம்ல, மேசையில எடம் வேணும்னு யாராச்சும் கேட்டா ரெண்டு புக்க மூடி எடுத்து வெச்சுருவாங்க. மேசை நெறஞ்சிருக்குங்கிறதுக்காக பெரிய மேசை வாங்குனா அதுலயும் புக்க விரிச்சு வெப்பாங்க. நான் செஞ்சது அதான்.

பாக்கவேண்டிய கட்டம் கடைசில இருக்குற அவைலபிள். புதுசா ஒரு ப்ரோக்ராம் வந்து ரேம் கேட்டா, ஸ்வாப்புக்கு (ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல ஒதுக்கி வெச்ச எடம்) போகாம எவ்ளோ குடுக்க முடியும்னு கெர்னலே, அதாவது லினக்ஸோட மையப் பகுதியே, கணக்கு போட்டு சொல்ற நம்பர் அது. 2014ல வந்த 3.14 கெர்னல்லேருந்துதான் கெர்னல் இத சொல்லுது, அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஃப்ரீயையும் கேஷையும் கூட்டி ஒரு குத்துமதிப்பு வெச்சுக்குவாங்க. நம்ம ரேம்ப் கம்ப்யூட்டர்ல புது குச்சி போடுறதுக்கு முன்னாடியே யூஸ்ட் 1050, கேஷ் 2630, அவைலபிள் 2450. ரேம் தாராளமா இருந்திருக்கு. எழுபது வெள்ளி வீண். அந்த காச திருப்பிக் குடுத்துட்டேன், குச்சி அங்கேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இன்னொரு எடத்துலயும் இதே மாதிரி கண்ண கட்டும். டாப் ஓடுறப்போ ஷிஃப்ட் புடிச்சு எம் தட்டுனா மெமரி அதிகமா புடிக்கிற ப்ரோக்ராம் மேல வரும். அங்க விஐஆர்டி, ஆர்இஎஸ், எஸ்ஹெச்ஆர்னு மூணு கட்டம் இருக்கும். விஐஆர்டிய பாத்து பயப்படாதீங்க, அது கேட்டு வெச்ச எடம், தொட்ட எடம் இல்ல. ஆர்இஎஸ்தான் நெஜமா ரேம்ல உக்காந்திருக்கிறது, ஆனா அதுக்குள்ளயும் எஸ்ஹெச்ஆர், அதாவது மத்தவங்களோட பங்கு போட்டுக்குற பகுதியும் சேந்துதான் இருக்கும். போஸ்ட்கிரெஸ் பத்து ப்ராசஸா ஓடும், எல்லாம் ஒரே பொது எடத்த பங்கு போட்டு வெச்சிருக்கும், ஒவ்வொன்னோட கணக்குலயும் அந்த எடம் காட்டும், பத்தையும் கூட்டுனா மெஷின்ல இல்லாத ரேமெல்லாம் வந்துரும். மொதலாளியோட அக்கா மகன் ஒரு நாள் இப்படித்தான் பாத்துட்டு, போஸ்ட்கிரெஸ்தான் எல்லாத்தையும் திங்குதுன்னு மேல இருந்த ஒன்ன கில் ஹைபன் ஒம்போது போட்டுட்டாரு. அப்படி திடீர்னு ஒரு புள்ளைய அடிச்சா போஸ்ட்கிரெஸ் சும்மா இருக்காது, பொது எடத்துல என்ன கெட்டுப்போச்சோன்னு எல்லா கனெக்‌ஷனையும் அறுத்துட்டு ரெக்கவரி ஓட்டிட்டுத்தான் திரும்ப வரும். அன்னிக்கி இன்னும் கொஞ்ச நேரம் லாரி கூடுதலா நின்னுச்சு. கில்னு அடிச்சா சும்மா பதினஞ்சாம் நம்பர் சிக்னல்தான் போகும், அது "மூட்டை கட்டிட்டு கெளம்பு"ன்னு மரியாதையா சொல்றது, ஒம்போதுங்கிறது வேற வழியே இல்லாதப்போ, அதுவும் டேட்டாபேஸ் மேல வேணவே வேணாம்.

வியாழக்கிழமை கடையில லீவு சொல்லிட்டு நானே போனேன். நான் போற நேரமெல்லாம் சாயங்காலம், அப்போ கம்ப்யூட்டர் கண்ணாடி மாதிரி ஓடும், ஒரு குத்தமும் சொல்ல முடியாது. இந்த தடவ ரெண்டே காலுக்கே போய் ஒக்காந்துட்டேன், அக்கா ஒரு தே ஓ ஐஸ் வாங்கி வெச்சாங்க. "விஎம்ஸ்டாட்"னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஒன்னு போட்டு எண்டர். ஒரு செகண்டுக்கு ஒரு வரி கீழ எறங்கிக்கிட்டே இருக்கும். மொத வரிய மட்டும் விட்டுருங்க, அது கம்ப்யூட்டர ஆன் பண்ணதுலேருந்து உள்ள ஆவரேஜ், இப்போ நடக்குறது ரெண்டாவது வரிலேருந்துதான்.

ரெண்டரை வரைக்கும் எல்லாம் அமைதி. லாரி ஏறுது எறங்குது, ஐடில், அதாவது சிபியு சும்மா இருக்குற பர்சென்ட், தொண்ணூறுக்கு மேல. ரெண்டரை தாண்டி ஒரு நிமிஷம் கூட ஆகல, வரியெல்லாம் மாறிப்போச்சு. எனக்கு இன்னும் அந்த ஸ்க்ரீன் கண்ணுலயே நிக்கிது. மொத கட்டம் ஆர், ஓடுறவங்களும் ஓட ரெடியா நிக்கிறவங்களும், அதுல ஒன்னு. பக்கத்துல பி, அஞ்சு, ஆறு, அஞ்சு, ஏழுன்னு ஆடுது. எஸ்ஐ, எஸ்ஓ, அதாவது ஸ்வாப்லேருந்து உள்ள வர்றது, ஸ்வாப்புக்கு வெளிய போறது, ரெண்டும் வரிக்கு வரி சைபர். கடைசி பக்கம் யூசர் 22, சிஸ்டம் 5, ஐடில் 12, டபிள்யூஏ 61.

மெமரி பிரச்சனையா இருந்தா எஸ்ஐயும் எஸ்ஓவும் இப்படி சைபராவே படுத்துக்கிட்டு இருக்காது. ரேம் நெஜமாவே பத்தலன்னா அந்த ரெண்டு கட்டமும் நிக்காம ஓடும், அதுக்கும் மேல போச்சுன்னா கெர்னலே ஒரு ப்ரோக்ராம புடிச்சு கொன்னுரும், "டிமெஸ்ஜி"ன்னு (டி, எம், இ, எஸ், ஜி) அடிச்சா வர்ற கெர்னல் குறிப்புல கில்ட் ப்ராசஸ்னு எழுதி வெக்கும். அதையும் தேடிப் பாத்தேன், ஒன்னுமே இல்ல. சரி, சிபியு பிரச்சனையான்னா யூசர் 22தான், நாலு கோர்ல ஒரு கோர் கூட முழுசா ஓடல. அப்போ லோட் எப்படி ஏழு?

அந்த பி கட்டம்தான் பதில். பிளாக் ஆகி நிக்கிறவங்க. கடைசில பாத்த டபிள்யூஏ 61ம் அதே கதைதான், டிஸ்குக்காக சிபியு காத்துக்கிட்டு இருந்த பர்சென்ட். பழைய யூனிக்ஸ்ல லோட் ஆவரேஜ்னா சிபியுக்கு நிக்கிற வரிசை மட்டுந்தான், 1973லயே டெனெக்ஸ்னு ஒரு சிஸ்டம்ல இந்த கணக்கு இருந்திருக்கு. லினக்ஸ்ல 1993ல மத்தியாஸ் உர்லிக்ஸ்னு ஒருத்தர் ஒரு பேட்ச் அனுப்புனாரு, டிஸ்குக்காக அசையாம காத்துக்கிட்டு நிக்கிறவங்களையும் லோட்ல சேக்கணும்னு. அவரு சொன்ன காரணம் ரொம்ப நேர்மையான காரணம், வேகமான ஸ்வாப் டிஸ்க்க கழட்டிட்டு மெதுவான டிஸ்க்க மாட்டுனா கம்ப்யூட்டர் மெதுவாகுது ஆனா லோட் நம்பர் கொறையுது, அது எப்படி சரியாகும்னு. அன்னிலேருந்து லினக்ஸ்ல லோட் ஏறுனா சிபியு சூடுன்னு மட்டும் அர்த்தம் இல்ல, டிஸ்க் பக்கமும் திரும்பிப் பாக்கணும். இது தெரியாம சிபியு மாத்துனவங்களும் இருக்காங்க, ரேம் மாத்துன நானும் இருக்கேன்.

யாரு அப்படி நிக்கிறதுன்னு பாக்க "பிஎஸ்" இருக்கு. பிஎஸ்ஸ நான் எப்பவும் அப்பாவோட செக்ரோல் மாதிரிதான் நெனப்பேன். அப்பா தோட்டத்துல மண்டோரா, அதாவது கங்காணியா இருந்தாரு, விடிகாலைல பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டு யாரு வந்தாங்க, யாருக்கு ஒடம்பு சரியில்ல, யாரு எந்த நெரைக்கு போனாங்கன்னு குறிப்பாரு. பிஎஸ்ஸும் அந்த ஒரு நிமிஷத்து பேர் கூப்பிடுதல்தான், அதுல வர்ற சிபியு பர்சென்ட் கூட ப்ராசஸ் பொறந்ததுலேருந்து உள்ள ஆவரேஜ், இப்போ இந்த நொடில எவ்ளோன்னு அது சொல்லாது. காலைலேருந்து சும்மா கெடந்துட்டு இப்பத்தான் வெறி புடிச்சு ஓடுற ப்ராசஸ் பிஎஸ்ல சாதுவா தெரியும். நேர்ல காட்டுக்குள்ள போய் நின்னு பாக்கணும்னா அதுக்கு டாப், அது மூணு செகண்டுக்கு ஒரு தடவ எண்ணி மாத்திக்கிட்டே இருக்கும்.

"பிஎஸ், ஹைபன் இஓ, பிஐடி கமா ஸ்டாட் கமா காம்" அடிச்சேன். ஸ்டாட் கட்டத்துல ஒரு எழுத்து இருக்கும். ஆர்னா ஓடுது, எஸ்னா தூங்குது, கூப்பிட்டா எழும், இசட்னா செத்தும் லிஸ்ட்லேருந்து பேர எடுக்காம கெடக்குது, டினா டிஸ்க்குக்காக நிக்கிது, ஒம்போதாம் நம்பர் போட்டாலும் பெரும்பாலும் அசையாது. டி போட்ட ஆளுங்கள எண்ணுனேன். போஸ்ட்கிரெஸ் மூணு, நம்ம எடை எழுதுற கனெக்‌ஷனும் அதுல ஒன்னு. கூட ஒரு டார். டி போட்ட டார் கீழயே ஜிஜிப், ஃபைல அமுக்கி சின்னதாக்குற ப்ரோக்ராம், ஆர் போட்டு.

டார்னா பேக்கப். லாரி போட்டோவையெல்லாம் மூட்டையா கட்டி வெளி ஹார்ட்டிஸ்க்ல போடுற ஸ்க்ரிப்ட், நான் எழுதுனது. ஆயிரக்கணக்கான சின்ன சின்ன போட்டோ ஃபைல், சுத்துற டிஸ்க்ல தலை அங்கயும் இங்கயும் ஓடி ஓடி பொறுக்கணும், அந்த மாதிரி டிஸ்க் அப்படி சிதறிக் கெடக்குறத செகண்டுக்கு நூத்து சொச்சம் தடவதான் தொட முடியும். போஸ்ட்கிரெஸ் ஒரு எடைய எழுதுனா அது டிஸ்க்ல நெஜமாவே பதிஞ்சிருச்சுன்னு உறுதி வாங்கிட்டுத்தான் சரின்னு சொல்லும், அந்த உறுதி டாரோட வரிசைக்கு பின்னாடி நிக்கிது, பைத்தான் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு நிக்கிது, டிக்கெட் பைத்தானுக்கு நிக்கிது, அக்கா டிக்கெட்டுக்கு நிக்கிறாங்க, லாரி அக்காவுக்கு நிக்கிது. டாப்ப சிபியு படி அடுக்குனா ஜிஜிப்தான் எம்பத்தஞ்சு பர்சென்டோட மேல நிக்கும், போஸ்ட்கிரெஸ் 0.3ன்னு எங்கயோ அடியில கெடக்கும், ஆனா மாட்டிக்கிட்டு தவிக்கிறது அடியில இருக்குற அதுதான்.

எனக்கு இப்போ ஒன்னுதான் புரியல. பேக்கப்ப நான் போட்டது காலைல ஆறரைக்கு, லாரி வர்றதுக்கு முன்னாடி முடிஞ்சுரணும்னு. எந்த வேலை எத்தன மணிக்குன்னு எழுதி வெக்கிற க்ரான்டாப் தெறந்து பாத்தேன், முப்பது ஸ்பேஸ் ஆறு, அதாவது ஆறு மணி முப்பது நிமிஷம், சரியாத்தான் இருக்கு. அப்புறம் மறுபடி டாப்புக்கு வந்து சும்மா மொத வரிய பாத்தேன். டாப், ஆறு நாப்பத்தொன்னு.

செவுத்துல கடியாரம் ரெண்டு நாப்பத்தொன்னு.

அக்கா போன்லயே படிச்சுக் காட்டுனாங்க, ஆறு நாப்பத்தேழுன்னு. நான்தான் அது வேணாக்கான்னு சொன்னேன். உபுண்டு சர்வர் போடுறப்போ நேரத்த நம்ம மாத்தலன்னா யுடிசிலயே (உலகப் பொது நேரம்) இருக்கும், நம்ம நேரம் அதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி, ஆக கம்ப்யூட்டருக்கு காலைல ஆறரைன்னா நமக்கு மத்தியானம் ரெண்டரை. டிக்கெட்ல அடிக்கிற நேரம் கவுண்டர்ல இருக்குற இன்னொரு கம்ப்யூட்டர்லேருந்து வருது, அதுனால யாரு கண்ணுலயும் படல. அப்போ இத்தன நாளா ஏன் நிக்கலன்னு கேப்பீங்க, போட்டோ ப்ரோக்ராம் போட்டு ரெண்டு மாசந்தான் ஆகுது, மொதல்ல போட்டோ கொஞ்சமா இருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும், சேரச் சேர முக்கால் மணி நேரமாயிருச்சு.

வீட்டுல வந்து அப்பாகிட்ட சொன்னா அவரு 1982க்கு போயிட்டாரு. அந்த வருஷம் ஜனவரி ஒன்னாந்தேதி நம்ம பக்கம் கடியாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சாங்க, சபா சரவாக்கோட ஒன்னாக்குறதுக்கு, அதுவரைக்கும் நாம யுடிசிக்கு ஏழரை மணி நேரந்தான் முன்னாடி. "பெரட்டுக்கு அதே மணிதான், ஆனா வந்து பாத்தா இன்னும் இருட்டா கெடக்கும், பால் வெட்டுற ரப்பர் மரத்துக்கு கடியாரம் தெரியுமா என்னா, அது குளுரு இருக்குற வரைக்குந்தான் ஓடும்"னு சொல்லிட்டு ரொம்ப நேரம் அந்த காலத்து ஆளுங்க பேரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

சரி பண்ணது சின்ன வேலைதான். "டைம்டேட்சிடிஎல் செட் ஹைபன் டைம்ஸோன்" போட்டு ஆசியா ஸ்லாஷ் கோலா அண்டர்ஸ்கோர் லம்பூர் குடுத்தேன், அப்புறம் க்ரான ரீஸ்டார்ட் பண்ணேன், அத செய்யலன்னா க்ரான் பழைய நேரத்தையே புடிச்சுக்கிட்டு இருக்கும். பேக்கப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு தள்ளுனேன். டாருக்கு பதிலா ஆர்சிங்க், புது போட்டோவ மட்டும் எடுக்கட்டும்னு. முன்னாடி நைஸ் பத்தொம்போதும் ஐஓநைஸும் போட்டேன், நைஸ் சிபியுல வழி விடும், ஐஓநைஸ் டிஸ்க்ல வழி விடும், ஆனா எல்லா டிஸ்க் ஷெட்யூலரும் ஐஓநைஸ மதிக்காது, அத மட்டும் நம்பி இருக்காதீங்க. மறுநாள் மத்தியானம் லோட் 0.4. அக்கா போன் பண்ணல, நான்தான் பண்ணி கேட்டேன், "லாரி வருது போவுது தம்பி, பேச நேரமில்ல"ன்னு வெச்சுட்டாங்க.

டாப் மாதிரியே வேலை செய்யுற ஹெச்டாப் நல்லா இருக்குமேன்னு சொல்லுவீங்க, நல்லாத்தான் இருக்கும். 2004ல ஹிஷாம் முகமதுங்கிற பிரேசில்காரர் ஆரம்பிச்சது, கலர் கலரா கம்பி, மெமரி கம்பில பச்சை ப்ரோக்ராம் புடிச்சது, மஞ்சள் கேஷ், அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா நான் செஞ்ச தப்ப நீங்க செய்ய மாட்டீங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல நானும் அதான் வெச்சிருக்கேன். ஆனா டாப்ப கத்துக்குங்க. வில்லியம் லெஃபெவர் 1984ல மொத டாப்ப எழுதுனாரு, இன்னிக்கி வரைக்கும் அந்த பேர்ல ஒன்னு பெரும்பாலும் எந்த மெஷின்லயும் கெடைக்கும், லைன் இல்லாத ரேம்ப்ல ஹெச்டாப்ப எறக்க முடியாது. போன் டேட்டால எஸ்எஸ்ஹெச் போட்டாலும் வெறும் எழுத்துதான் ஓடும், மழையில ஒரு கம்பி சிக்னல் இருந்தா போதும். டாப்ல ஒன்னுன்னு தட்டுனா ஒவ்வொரு கோரும் தனித்தனியா விரியும், ஷிஃப்ட் பி சிபியு, ஷிஃப்ட் எம் மெமரி, சி தட்டுனா ப்ரோக்ராமோட முழு கமாண்டும் தெரியும், க்யூ வெளிய வர. ஒரு ப்ராசஸ் 180 பர்சென்ட்னு காட்டுனா தப்பு இல்ல, ஒரு கோர் நூறு, ரெண்டு கோர்ல ஓடுதுன்னு அர்த்தம். இவ்ளோ தெரிஞ்சா போதும், நான் அஞ்சு வருஷமா இத தாண்டி பெருசா போகல.

இன்னொன்னு, இது நான் மொத நாளே செஞ்சிருக்கவேண்டியது. டாப்பும் விஎம்ஸ்டாட்டும் நீங்க பாக்குறப்போ மட்டுந்தான் பேசும், நேத்து மத்தியானம் என்னா நடந்துச்சுன்னு கேட்டா தெரியாது. சிஸ்ஸ்டாட்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, உபுண்டுல போட்டா மட்டும் பத்தாது, அதோட செட்டிங் ஃபைல்ல எனேபிள்ட்ங்கிறத ட்ரூன்னு மாத்தணும், அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா குறிச்சு வெச்சுக்கிட்டே இருக்கும். அத திருப்பிப் பாக்குற கமாண்ட் சார், எஸ், ஏ, ஆர். "சார் ஹைபன் க்யூ"ன்னா லோட், "சார் ஹைபன் ஆர்"னா மெமரி, "சார் ஹைபன் யு"ன்னா சிபியு. அது இருந்திருந்தா சாயங்காலம் போய் ஒக்காந்தே கண்டுபுடிச்சிருக்கலாம், வியாழக்கிழமை சம்பளமும் போயிருக்காது, அத்தன நாளு ட்ரைவருங்க வெயில்லயும் மழையிலயும் நின்னுருக்க வேண்டியதில்ல. ஒரு அங்கிள் தஞ்சோங் பக்கத்துலேருந்து சின்ன லாரில பழம் கொண்டாருவாரு, முட்டி வலி, வரிசையில நிக்கிறப்போ ஏறி எறங்க முடியாம உள்ளயே ஒக்காந்திருப்பாரு, வியாழக்கிழமை நான் ஜன்னல் வழியா அவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்போ சார் குறிச்சு வெக்கிது, ஆனா கிராணி அக்கா அத நம்பல. தெனமும் மூணு மணிக்கு அவங்களே டாப்பும் ஃப்ரீயும் அடிச்சு, எடை லெட்ஜரோட கடைசி பக்கத்துல தேதி போட்டு நேரம், லோட் மூணு, அவைலபிள்னு கோடு போட்டு எழுதி வெக்கிறாங்க. நேரத்த மொதல்ல எழுதுறாங்க. நேத்து ராத்திரி அந்த பக்கத்த போட்டோ புடிச்சு அனுப்பிட்டு கூடவே வாய்ஸ் மெசேஜ், "தம்பி, லோட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த அவைலபிள் பாரு, திங்கக்கெழமை ஆறாயிரத்து நூறு, செவ்வா ஆறாயிரம், புதன் ஐயாயிரத்து எண்ணூத்து எழுவது, எறங்கிக்கிட்டே வருது, லாரி அதே அளவுதான் வருது."

பாத்தேன், சரியாத்தான் சொல்றாங்க. போட்டோ ப்ரோக்ராம் மேலதான் எனக்கு சந்தேகம், புடிச்ச படத்த விடாம கையிலயே வெச்சிருக்கு போல. இன்னிக்கிலேருந்து அந்த ப்ராசஸோட ஆர்இஎஸ்ஸுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதச் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கெழமை ரேம்ப் லீவு, அன்னிக்கி போய் ஒக்காரணும்.